ஏரிக்கரை ஊரின் நூதனசாலை தந்த பாடம்



"நூதனசாலை" என்னும் சொல்லை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பாடநூல்களிலே நீங்கள் "அருங்காட்சியகம்" என்று படிப்பதைத்தான் ஈழத்தில் எமது தலைமுறையினர் நூதனசாலை என்று அழைத்தனர். நூதனம் என்றால் புதுமை. பழம்பொருட்களை வைத்திருக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயரை ஏன் இட்டார்கள் என்று சிறுவயதிலே நான் வியந்ததுண்டு. சென்ற கோடை விடுமுறையில் எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர்களோடும் பெற்றோர் சிலரோடும் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கொனிஸ்ரன் என்ற சிற்றூருக்குச் சென்று வந்த பின்னர் அந்தப் பெயரின் பொருத்தம் எனக்கு விளங்கியது. அந்தப் பயணத்தைப் பற்றியும் அது எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தைப் பற்றியும் இம்மலரிலே எழுதுகிறேன். மாணவர்கள் இதனைப் பெற்றோருடன் சேர்ந்து வாசித்து, இறுதியிலுள்ள பயிற்சிகளைச் செய்தல் வேண்டும்.

ஊரும் ஏரியும்

கும்பிரியா மாவட்டத்தில் ஏரிகள் நிறைந்த மலைநாடு ஒன்று உண்டு. அதன் ஏரிகளுள் ஒன்றான கொனிஸ்ரன் ஏரி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமும், ஆழமான இடத்தில் 56 மீற்றர் ஆழமும் உடையது. அதன் வடமேற்குக் கரையோரமாக, 800 மீற்றருக்குச் சற்று உயர்ந்த "கொனிஸ்ரன் கிழவன்" என்னும் மலையின் அடிவாரத்தில் ஊர் அமைந்திருக்கிறது. வீடுகளின் சுவர்களும் கூரைகளும் வேலிகளும் அந்த மலையிலிருந்து வெட்டிய கல்லாலேயே ஆனவை. எமது பேருந்து ஒடுங்கிய பாதையிலே வளைந்து வளைந்து இறங்கியபோது, ஊரே மலையின் ஒரு துண்டு போலத் தோன்றிற்று.

ஊர்ப் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம். கொனிஸ்ரன் என்றால் அரசனுடைய பண்ணை என்று பொருள். இந்த ஏரியின் பழைய பெயர் தேர்ஸ்ரன் வாட்டர் என்பதாகும். தோர்ஸ்ரைன் என்ற ஒருவனுடைய ஏரி என்று அதற்குப் பொருள் கூறுவர். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து இங்கே குடியேறிய நோர்ஸ் மக்களின் பெயர் அது. அவர்கள் பேசிய மொழி இங்கே வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும் மலையை "ஃபெல்" என்றும், சிற்றாற்றை "பெக்" என்றும், மலையிடைக் குளத்தை "ரான்" என்றும் இவ்வூரார் இன்றும் கூறுகின்றனர். அவை யாவும் நோர்ஸ் சொற்களே. கிளிநொச்சிக்கு அருகேயுள்ள இரணைமடுவின் பெயரிலே, ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் "மடு" என்ற நமது பழஞ்சொல் உறைந்து கிடப்பதை நீங்கள் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேசியவர் மறைந்தாலும் அவர் வைத்த பெயர் நிலத்திலே நிலைத்து நிற்கும்.

ஆடு எண்ணும் மொழி

ஏரிக்கரையில் மதிய உணவு உண்டபோது மாணவர்களுக்கு ஒரு புதிர் வைத்தேன். "யான், ரியான், ரெதெரா, மெதெரா, பிம்ப் - இது என்ன மொழி?" என்று கேட்டேன். ஒருவராலும் விடை கூற இயலவில்லை.

இவை ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள். இம்மலைநாட்டு இடையர்கள் ஆடுகளை எண்ணுவதற்கு வழங்கியவை. பத்துக்கு "டிக்" என்பர். இருபது வரை எண்ணியதும் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டு மீண்டும் யான் என்று தொடங்குவர். வேல்ஸ் மொழியிலே ஐந்தைக் குறிக்கும் சொல்லும் "பிம்ப்" என்றே ஒலிக்கும். பத்துக்கு "டேக்" என்பர். ஆங்கிலம் வருமுன் இப்பகுதியில் பேசப்பட்ட, வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய மொழியின் எச்சமே இந்த எண்கள் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். வேறு விளக்கம் தருவோரும் உளர்.

முதற் கருத்து உண்மையாயின், அதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு மொழியிலே மக்கள் காதலித்தனர், சண்டையிட்டனர், தாலாட்டுப் பாடினர், தெய்வத்தை வேண்டினர். அவை அனைத்தும் போய், ஆடு எண்ணும் சொற்கள் மட்டும் எஞ்சின. இதை நான் கூறியபோது மாணவர்கள் சிரித்தனர். பெற்றோர் சிரிக்கவில்லை. "எங்கள் வீட்டிலும் 'சாப்பிடு, வா, போ, படு' என்ற நான்கு சொற்கள்தான் மிச்சம்" என்று ஒரு தாயார் மெல்லக் கூறினார். அந்தச் சொற்களை மனத்திலே சுமந்துகொண்டுதான் நூதனசாலையின் வாயிலை அடைந்தேன்.

கல், செம்பு, மனிதர்

கொனிஸ்ரன் நூதனசாலை சிறியது. இலண்டனில் உள்ள பெரிய காட்சிக்கூடங்களின் ஓர் அறைக்குள் இது அடங்கிவிடும். ஆனால் அங்கெல்லாம் உலகின் பல நாட்டுப் பொருட்களைக் காண்கிறோம். இங்கே ஓர் ஊரின் கதையை முதலிலிருந்து காண்கிறோம்.

கதை கல்லிலே தொடங்குகிறது. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகியே இம்மலைகளின் பச்சைநிறப் பாறை உண்டாயிற்று. இங்கிருந்து வடக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள லாங்டேல் மலைச்சரிவுகளில், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் அந்தப் பாறையை உடைத்துத் தீட்டிக் கோடரிகள் செய்தனர். அக்கோடரிகள் பிரித்தானியாவின் பல பகுதிகளிலும் அயர்லாந்திலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. வண்டியும் வீதியும் இல்லாத காலத்தில் ஒரு மலையூரின் கைவினை கடல் கடந்து சென்றிருக்கிறது.

அதன் பின் செம்பு. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், சுரங்கத் தொழிலில் வல்லவரான ஜேர்மன் மொழி பேசும் தொழிலாளர்கள் இம்மலைநாட்டுக்கு வரவழைக்கப்பட்டனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் கொனிஸ்ரன் மலைகளிலும் செம்பு தோண்டத் தொடங்கினர். அவர்களுட் பலர் இப்பகுதிப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டனர். தொழில் தேடி மொழி தெரியாத நாட்டுக்கு வந்தோர் கதை நமக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர்கள் இங்கே கண்டுகொண்டனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சுரங்கத் தொழில் உச்சநிலையை அடைந்தது. தாது முதலில் படகுகளில் ஏற்றப்பட்டு ஏரியின் தென்கோடிக்குச் சென்றது. 1859இல் புகையிரதப் பாதை வந்தது. தாதைக் கழுவித் தரம்பிரிக்கும் வேலையைச் சிறுவர்களும் செய்தனர். நமது மாணவர்களின் வயதே அவர்களுக்கும். பின்னர் செம்பின் விலை வீழ்ந்தது; சுரங்கங்கள் ஓய்ந்தன; 1962இல் புகையிரதப் பாதையும் முற்றாக மூடப்பட்டது. தொழில் போன ஊர், தன் கதையையும் இழந்துவிடவில்லை. அதற்குக் காரணமானவர் ஒருவர் உண்டு.

சேர்த்து வைத்தவர்

அவர் பெயர் டபிள்யூ. ஜி. கொலிங்வுட். 1854இல் பிறந்து 1932 வரை வாழ்ந்தவர், ஓவியர், வரலாற்று ஆர்வலர். இந்த ஏரியின் கிழக்குக் கரையிலே "பிரான்ட்வுட்" என்ற வீட்டில் 1872 முதல் வாழ்ந்த ஜோன் றஸ்கின் என்ற பேரறிஞருக்குச் செயலாளராகப் பணிபுரிந்தவர். அரசர்களின் வரலாறே வரலாறு என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், கொலிங்வுட் இவ்வூர்க் கற்களையும் சிலுவைகளையும் ஊர்ப்பெயர்களையும் ஆராய்ந்தார். 1897இல் கொனிஸ்ரனைப் பற்றியே தனி நூல் ஒன்றை வெளியிட்டார்.

1900ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் றஸ்கின் காலமானார். நாட்டின் பெருமக்கள் துயிலும் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய இடம் தருவதாகக் கூறினர். ஆயினும் அவர் விருப்பப்படி கொனிஸ்ரன் தேவாலய முற்றத்திலேயே உடல் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே நிற்கும் பச்சைக்கல் சிலுவையை வடிவமைத்தவரும் கொலிங்வுட்தான். அடுத்த ஆண்டு, 1901இல், றஸ்கினின் நினைவாகவும் ஊரின் மரபைக் காக்கவும் இந்த நூதனசாலையை அவர் நிறுவினார். அதனாலேயே இதற்கு றஸ்கின் நூதனசாலை என்று பெயர்.

கொலிங்வுட்டின் குடும்பத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் நமது பிள்ளைகளுக்குச் சுவை தருவது. அவர் மகள் டோறா ஆர்மேனிய வழிவந்த வைத்தியர் ஒருவரை மணந்து சிரியாவின் அலெப்போ நகரிலே வாழ்ந்தார். 1928இல் அவர்களின் பிள்ளைகள் விடுமுறைக்குத் தாய்வழிப் பாட்டன், பாட்டியின் ஊரான இங்கே வந்து, ஏரியிலே பாய்க்கப்பல் ஓட்டப் பழகினர். அப்பிள்ளைகளோடு பழகிய ஆதர் றான்சம் என்ற எழுத்தாளர் 1930இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிறுவர் நாவலுக்கு அந்த விடுமுறை வித்தாயிற்று. அந்தப் படகுகளில் ஒன்று நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளது. தொலைநாட்டிலே வளரும் பிள்ளைகள் பாட்டன் ஊருக்கு வந்து செல்வது வெறும் விடுமுறை அன்று என்பதைப் பெற்றோர் இதிலிருந்து உணரலாம்.

மூன்று சொற்கள்

நூதனசாலையில் நான் நெடுநேரம் நின்றது ஒரு துணியைப் பற்றிய செய்தியின் முன்னால்.

இயந்திரத் தறிகள் வந்தபின் இம்மலைநாட்டிலே கைநூற்பு அருகிப் போயிற்று. றஸ்கினின் கருத்துக்களால் ஈர்க்கப்பட்டோர் 1883 அளவில் லாங்டேல் பள்ளத்தாக்கிலே அதனை மீண்டும் தொடங்கினர். வீட்டுப் பெண்கள் இராட்டையில் நூல் நூற்றனர். லினன் துணி நெய்தனர். நமது ஊர்ப் பெண்கள் ரேந்தை பின்னியது போல நுண்ணிய பின்னல் வேலையும் செய்தனர். அந்தப் பின்னல் இன்றும் "றஸ்கின் ரேந்தை" என்றே அழைக்கப்படுகிறது. றஸ்கின் இறந்தபோது அவரது பேழையின் மேல் போர்த்துவதற்கு இவ்வாறு கையால் நெய்த லினன் துணி ஒன்றில் காட்டு ரோசாக்களைத் தைத்தனர். அதிலே மூன்று ஆங்கிலச் சொற்களையும் தைத்தனர்: "அண்டு திஸ் லாஸ்ற்". "கடையவனுக்கும்" என்று தமிழிலே கூறலாம்.

அது றஸ்கின் எழுதிய நூலின் பெயர். விவிலியத்திலே ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கதை வருகிறது. அவர் காலையில் சிலரையும் நண்பகலில் சிலரையும் மாலையில் சிலரையும் வேலைக்கு அமர்த்தி, பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுத்தார். கடைசியாக வந்தவனுக்கும் வயிறு உண்டல்லவா? இந்தக் கதையிலிருந்து தலைப்பை எடுத்து, மனிதரை மறந்த பொருளாதாரத்தைக் கண்டித்து நான்கு கட்டுரைகளை றஸ்கின் எழுதினார். அவை 1860ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதல் நவம்பர் வரை இலண்டன் சஞ்சிகை ஒன்றிலே வெளிவந்தன. எதிர்ப்பு மிகுந்ததால் சஞ்சிகை ஆசிரியர் தொடரை நிறுத்திவிட்டார். 1862இல் அவை நூலாயின.

இனி நம்மவர் கதை. நான்காம் கட்டுரை வெளிவந்த அதே 1860 நவம்பர் மாதம் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்றூறோ" என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட முதற் கூட்டத்தினர் அதிலே வந்தனர். தமிழர் பலர் அவ்வாறு அந்நாட்டுக்குச் சென்றனர். கடையவர் என்ற சொல்லுக்கு அவர்களிலும் பொருத்தமானவர் யார்?

44 ஆண்டுகள் கழித்து, 1904இல், அதே நாட்டில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள் ஜொகனஸ்பேர்க்கிலிருந்து டேர்பனுக்குப் புகையிரதத்தில் புறப்பட்டார். நண்பர் ஹென்றி போலக் வழியில் வாசிக்குமாறு ஒரு நூலைக் கொடுத்தார். அது "அண்டு திஸ் லாஸ்ற்". கையில் எடுத்த நூலைக் கீழே வைக்க இயலவில்லை என்றும், அன்றிரவு உறக்கமே வரவில்லை என்றும் காந்தியடிகள் தமது சுயசரிதையிலே கூறியுள்ளார். வழக்கறிஞரின் வேலைக்கும் முடிதிருத்துபவரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே, உழைப்பவரின் வாழ்வே வாழத்தக்க வாழ்வு என்னும் கருத்துக்களை அந்நூலிலிருந்து அவர் பெற்றார். அவ்வாண்டே டேர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பை நிறுவி, 1903 முதல் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்துகொண்டிருந்த "இந்தியன் ஒப்பீனியன்" இதழின் அச்சகத்தை அங்கே கொண்டு சென்றார். 1908இல் றஸ்கினின் நூலைக் குஜராத்தியிலே சுருக்கி எழுதி "சர்வோதயம்" என்று பெயரிட்டார். 1913இல் தென்னாபிரிக்காவிலே நடந்த பெரும் அறப்போரில் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கிலே கலந்துகொண்டனர். அவர்களுடன் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பெப்ரவரி 22ஆம் நாள் தமது பதினாறாவது வயதிலே உயிர் நீத்தார்.

இதனைக் கூறி முடித்தபோது மாணவர் மத்தியில் அமைதி நிலவியது. ஆங்கிலேயரின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், லினன் துணியிலே ஊசியால் தைத்த மூன்று சொற்கள் நமது வரலாற்றையும் தொட்டு நிற்கின்றன. அந்தச் சொற்கள் தைக்கப்படாமல் இருந்திருந்தால், அது பூ வேலை செய்த பழந்துணி ஒன்றாகவே இருந்திருக்கும்.

நீரிலிருந்து மீண்ட படகு

உண்மையைக் கூறுவதானால், மாணவர்களுட் பெரும்பாலோர் இப்பயணத்துக்கு இசைந்தது ஒரு படகின் கதைக்காகவே. டொனால்ட் காம்பெல் என்ற வீரர் "புளூபேர்ட் கே7" என்னும் தாரை இயந்திரப் படகிலே 1955 முதல் 1964 வரை ஏழு முறை நீர்மேல் வேகத்துக்கான உலக சாதனையை நிலைநாட்டியவர். அவற்றுள் நான்கு இந்த ஏரியிலே நிகழ்ந்தவை. மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்ட விரும்பி, 1967 ஜனவரி 4ஆம் நாள் காலை மீண்டும் முயன்றார். இரண்டாம் ஓட்டத்தில் படகு வானில் எழும்பிக் குப்புற வீழ்ந்து மூழ்கியது. அவர் எப்போதும் உடன் கொண்டு சென்ற கரடிப் பொம்மை மிதந்து வந்தது.

34 ஆண்டுகள் ஏரி அவரைத் தன்னுள் வைத்திருந்தது. 2001 மார்ச் 8ஆம் நாள் படகு வெளியே எடுக்கப்பட்டது; மே மாதம் உடலும் கண்டெடுக்கப்பட்டு, செப்ரெம்பரில் கொனிஸ்ரன் மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டது. 2006இல் குடும்பத்தார் படகை நூதனசாலைக்கு வழங்கினர். ஊரார் அதற்கெனப் புதிய மண்டபமே கட்டினர். படகைத் திருத்தியமைக்கும் வேலையும் அதன்பின் எழுந்த இழுபறிகளும் முடிந்து, 2024 மார்ச் மாதத்திலே அது ஊருக்குத் திரும்பியது. வெறுமையாக இருந்த மண்டபத்தை அத்தனை ஆண்டுகள் கைவிடாது காத்திருந்தது அந்தச் சிற்றூர். இந்தப் பொறுமையையும் நாம் கற்றல் வேண்டும்.

ஒரு கேள்வி

புறப்படும் வேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஐயா, எங்கட ஊர்ச் சாமான்களுக்கும் இப்பிடி ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

நல்லூரிலே தொல்பொருள் நூதனசாலை ஒன்று இருக்கிறது என்று கூறினேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியும் கூறினேன். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் இருந்த அந்த நூலகம் 1981ஆம் ஆண்டு மே, யூன் மாதங்கள் சந்தித்த இரவிலே எரிக்கப்பட்டதை அவள் முன்னரே அறிந்திருந்தாள். "அது மற்றவர்கள் அழித்தது. நாங்கள் சேர்த்து வைத்தது எங்கே?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

இதனை எழுதுவதற்கு எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது. ஆயினும் பெற்றோரின் நன்மை கருதி எழுதுகிறேன். எனது தாயார் இந்நாட்டுக்கு வந்தபோது பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதனுள்ளே ஒரு பாக்குவெட்டி இருந்தது. பாக்குப் போடுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார், பெட்டியை விடவில்லை. எத்தனையோ மாலைகளில் அவர் அதனை மடியிலே வைத்திருக்க, நான் பக்கத்திலிருந்து மாணவர் கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன். அதை யார் இழைத்தார்கள், எந்த ஊரில், அந்த இழைப்பு வகைக்கு என்ன பெயர் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. அவர் மறைந்த பின் வீடு மாறும்போது, பழைய சாமான்களோடு சேர்த்து அதனையும் குப்பைப் பையிலே போட்டுவிட்டேன். தமிழ் ஆசிரியனாகிய நானே அவ்வாறு செய்தேன்.

கொனிஸ்ரனிலே ரேந்தை பின்னும் ஊசிகளும் நூலும் கண்ணாடிப் பேழையிலே வைக்கப்பட்டிருப்பதைக் கண்டபோது அந்தக் கொட்டைப்பெட்டி என் கண்முன் வந்தது. அவ்வூர்ப் பொருட்கள் நம்முடையவற்றைவிட விலை உயர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றின் அருகேயும் ஒரு சிறு அட்டை இருக்கிறது. இது என்ன, யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது, எக்காலத்தது என்று அது கூறுகிறது. அட்டை உள்ள பொருள் வரலாறு. அட்டை இல்லாத பொருள், அதன் கதையை அறிந்தவர் மறைந்ததும் குப்பை. அந்த அட்டையை எழுதுவதற்குக் கட்டடமோ பெரும் பணமோ தேவையில்லை. கதை அறிந்தவர் உயிரோடிருக்கும்போது ஒருவர் அருகிலிருந்து கேட்டு எழுதினாற் போதும். பழைய பொருள் அப்போது பிள்ளைகளின் கையிலே புதியதாகிறது. நூதனசாலை என்ற பெயருக்கு நான் கண்ட பொருள் இதுவே.

நாம் செய்யத்தக்கது

பயணம் முடிந்த மறு வாரமே மாணவர்கள் பணியைத் தொடங்கினர். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனை அறிந்த முதியவரிடம் கேட்டு, தமிழிலே ஓர் அட்டை எழுதினர். இதுவரை 17 பொருட்கள் சேர்ந்துள்ளன. இடியப்ப உரல், மூக்குப்பேணி, ஊர்ப் பாடசாலையின் தேர்ச்சி அறிக்கை, கடித உறை, சுளகு என்று அவை பல வகையின. இவ்வாண்டு விழா மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசையிலே அவற்றைக் காணலாம். பொருள்கள் விழா முடிந்ததும் வீடுகளுக்குத் திரும்பும். அட்டைகளின் பிரதிகள் பாடசாலையிலே பாதுகாக்கப்படும்.

முதல் அட்டையைக் கொண்டு வந்தவள் அன்று கேள்வி கேட்ட அதே மாணவி. அவளது அம்மம்மாவின் சுளகைப் பற்றியது அது. எழுத்துப் பிழைகள் நான்கு இருந்தன. "புடைத்தல்", "கொழித்தல்" என்ற இரண்டு சொற்களை வேறுபாடு விளக்கி எழுதியிருந்தாள். எனது வகுப்பிலே அச்சொற்களை நான் ஒருபோதும் கற்பித்ததில்லை. அம்மம்மா அரிசியை எடுத்துச் செய்து காட்டினார் என்றாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு முதியோரின் வயதை எண்ணிப் பாருங்கள். தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அழைத்து வருவதோடு உங்கள் பணி முடிவதில்லை. வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியை நிறுத்தி, பிள்ளையை அம்மம்மாவின் அருகிலே அமர்த்துங்கள். அம்மம்மா ஊரில் இருந்தால் தொலைபேசியிலே பேச வையுங்கள். ஆடு எண்ணும் சொற்கள் மட்டும் எஞ்சும் நிலை நமது மொழிக்கு நமது வீட்டிலே வராதிருக்க இதுவே வழி.

பயிற்சிகள்

1. கொனிஸ்ரன் ஏரியின் பழைய பெயர் யாது? அப்பெயர் எம்மக்களின் வருகையை உணர்த்துகிறது?

2. உங்கள் பெற்றோரின் ஊர்ப்பெயரின் பொருளைக் கேட்டறிந்து மூன்று வாக்கியங்களில் எழுதுக.

3. 1860 நவம்பர் மாதத்திலே நிகழ்ந்தனவாக இக்கட்டுரை கூறும் இரு நிகழ்ச்சிகள் எவை? அவற்றுக்கிடையேயான தொடர்பை விளக்குக.

4. "கடையவனுக்கும்" என்ற சொல்லின் கருத்தை, உங்கள் வகுப்பிலோ விளையாட்டுத் திடலிலோ கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குக.

5. புடைத்தல், கொழித்தல் ஆகியவற்றின் வேறுபாட்டை வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு எழுதுக. இயலுமாயின் செய்து பார்க்குக.

6. வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றுக்கு அட்டை எழுதுக. அதிலே பொருளின் பெயர், செய்தவர், ஊர், காலம், பயன், இத்தகவலைத் தந்தவரின் உறவுமுறை என்னும் ஆறும் இடம்பெறல் வேண்டும். தகவல் தந்தவரிடம் அட்டையை வாசித்துக் காட்டி, அவர் திருத்திய பின்னரே ஆசிரியரிடம் கொடுக்குக.